டிரில்லுக்கு முன்னால் பென்சில்

எலும்பியல் முதுநிலைப் படிப்பில் சேருகிற எல்லோர் மனதிலும் ஓடும் கேள்வி, எலும்பைத் துளைக்கும் டிரில் எப்போது நம் கைக்கு வரும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. படிப்பை முடித்து, ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தபிறகு யோசித்துப் பார்க்கிறேன். முறிந்த எலும்பைச் சேர்க்கும் வேலையை எனக்குக் கற்றுத்தந்ததில் டிரில்லைவிடப் பென்சிலுக்கும் டிரேசிங் தாளுக்கும்தான் பங்கு அதிகம். இந்தப் பயிற்சிக்குள் இப்போதுதான் வந்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் கால் பிடிப்பதிலும் காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரை இழுப்பதிலும் மாவுக்கட்டு போடுவதிலுமே போய்விடும். அதை வீண் என்று நினைக்க வேண்டாம். குறிப்பாக, நோயாளியைப் படுக்கவைக்கும் வேலையைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிவு என்றால், டிராக்‌ஷன் டேபிளிலேயே (காலை இழுத்துப் பிடித்துவைக்கும் அறுவை மேசை) பாதி வேலை முடிந்துவிடும். காலை இழுத்து, தேவையான அளவு உள்பக்கம் திருப்பி, சி-ஆர்ம் என்ற தியேட்டர் எக்ஸ்ரே கருவியில் முன்பக்கப் படம், பக்கவாட்டுப் படம் இரண்டையும் பார்த்து, எலும்பு நேராக வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் அறுவைக்காகக் கை கழுவப் போகவேண்டும். கோணலாக நிற்கும் எலும்புக்குள் நெயிலை (உள்ளே நிற்கும் நீண்ட உலோகக் கம்பி) செலுத்தினால் அந்தக் கோணலைத்தான் நிரந்தரமாக்குவோம். தொடைகளுக்கு நடுவில் நிற்கும் போஸ்ட் என்ற மேசைத் தூணுக்கு நல்ல தடிமனாகப் பஞ்சு சுற்றுவதும் அப்போது பழகியதுதான். அங்கே அழுத்தம் கூடினால் நரம்பு பாதிக்கப்பட்டு, பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போகும்.

"பிளான் வரையலையா? அப்ப இன்னிக்கு ஸ்க்ரப் ஆகாதே." இது எங்கள் யூனிட் சீஃபின் சட்டம்: அறுவைத் திட்டத்தைத் தாளில் வரையாதவர் அன்று அறுவையில் சேரக்கூடாது. யாருக்கும் விலக்கு கிடையாது.

முதலில், உடையாத பக்கத்தின் எக்ஸ்ரேயை இடவலமாகத் திருப்பிப் போட்டு அதன் விளிம்பை வரையவேண்டும். அதுதான் நாம் போய்ச் சேரவேண்டிய வடிவம். பிறகு உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வரைந்து, வெட்டி, அந்த வடிவத்துக்குள் பொருத்தவேண்டும். அதன்மேல், துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிளேட்டை வரைந்து, ஸ்க்ரூக்களுக்கு எண் போடவேண்டும். பக்கத்திலேயே வேலையின் வரிசை: எப்படிப் படுக்கவைப்பது, எந்த வழியாகத் திறப்பது, எந்தத் துண்டை முதலில் சேர்ப்பது, துண்டுகளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் எந்தப் பக்கமிருந்து வரும், தற்காலிகமாக நிறுத்திவைக்கும் மெல்லிய கம்பியான கே-வயர் எங்கே இருந்தால் பிளேட்டுக்குத் தடையாக இருக்காது. கடைசியாக, இது எதுவும் நடக்காவிட்டால் மாற்று வழி என்ன.

சும்மா ஒரு சடங்கு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு முறிந்த ஒரு கேஸுக்கு வரைந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. முறிவுக் கோடு சாய்வாக ஓடியது. அதை அழுத்திப் பிடிக்க ஒரு லேக் ஸ்க்ரூ (இரண்டு துண்டையும் இறுக்கிச் சேர்க்கும் ஸ்க்ரூ) போதும் என்று தோன்றியது. வரைந்து முடித்தபோது, அந்த ஸ்க்ரூவின் தலை வரும் இடமும் பிளேட் உட்காரவேண்டிய இடமும் ஒன்றாக இருந்தன. சரி, ஸ்க்ரூவை முன்பக்கமிருந்து போடுவோம் என்று தாளிலேயே மாற்றிக்கொண்டேன். அதே சிக்கல் தியேட்டரில் தெரியவந்திருந்தால், கிளாம்பைப் பிடித்தபடி எல்லோரும் காத்திருக்க, நான் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்ய மென்பொருள் இருக்கிறது. இருந்தாலும் கற்றுக்கொள்ளும் காலத்தில் கையால் வரையுங்கள் என்றுதான் சொல்வேன். துண்டின் ஓரத்தைப் பென்சில் முனை தொட்டுப் போகும்போது, அந்தத் துண்டு எங்கிருந்து பெயர்ந்து வந்தது என்பது மனதில் பதிகிறது.

கைப்பழக்கம் தனி. அதற்குப் பிளாஸ்டிக் எலும்புப் பயிற்சி. எலும்பு அறுவை மருத்துவர் மாரிஸ் முல்லரும் அவருடைய சகாக்களும் 1958இல் ஸ்விட்சர்லாந்தில், எலும்பு முறிவுச் சிகிச்சைக்காக ஏஓ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1960இல் தாவோஸ் நகரில் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். நோயாளியின் உடலில் கைவைப்பதற்கு முன் மேசைமேல் பழகவேண்டும் என்ற வழக்கம் உலகமெங்கும் பரவியதற்கு அந்த வகுப்புகள் பெரிய காரணம். நான் போன பயிற்சியும் அதே பாணியில்தான் இருந்தது.

அங்கே லேக் ஸ்க்ரூவுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன். 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து எலும்புச் சுவரில் 3.5 டிரில் பிட்டால் துளை போடவேண்டும். ஸ்க்ரூவின் மரை இந்தத் துளையில் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் துளைக்குள் சின்னக் குழாயைச் செருகி, எதிர்ப்பக்கச் சுவரில் 2.5 பிட்டால் துளை போடவேண்டும். மரை அங்கே மட்டும் பிடிக்கும். ஸ்க்ரூவை முறுக்கும்போது அதன் தலை இந்தப் பக்கத்தைத் தள்ள, மரை அந்தப் பக்கத்தை இழுக்க, நடுவில் இருக்கும் முறிவுக் கோடு மூடிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் 2.5 துளை போட்டால் மரை இரண்டு சுவரையும் பிடித்துவிடும். இடைவெளி எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனாலும் கோடு என் கண்முன் மூடியபோதுதான் அது என்னுடைய அறிவாயிற்று.

டிரில் பிடிப்பதிலும் காது முக்கியம். முதல் சுவரைத் துளைக்கும்போது ஒரு சத்தம், உள்ளே இறங்கியதும் அது தளரும், எதிர்ச் சுவரைத் தொட்டதும் மறுபடி கனக்கும். அதைக் கடக்கப்போகும் நேரத்தில் சத்தம் சற்று ஏறும். அந்த இடத்தில் கை அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். குறைக்காவிட்டால் பிட் எலும்பைத் தாண்டிப் பாய்ந்துவிடும். அங்கே நரம்போ இரத்தக்குழாயோ இருக்கலாம். பிட் மழுங்கியிருந்தால் இன்னொரு ஆபத்து, சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படுகிறது என்று முயல்களில் நடந்த ஆய்வு 1983இல் வெளியானது. அதனால் டிரில் ஓடும்போது சலைன் ஊற்றுகிறவர் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது. நான் அசிஸ்ட் செய்த நாட்களில் அதை அக்கறையோடுதான் செய்தேன்.

முழுதாக என் கைக்கு வந்த முதல் கேஸ் கணுக்கால், வெளிப்பக்க எலும்பில் சாய்வான முறிவு. சீஃப் எதிரில் நின்றார். தோலைத் திறந்ததும் மேலோட்டமாக ஓடும் நரம்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "அடுத்து?" முறிவுக் கோட்டுக்குள் உறைந்திருந்த இரத்தத்தைச் சுரண்டி எடுத்துக் கழுவினேன். எலும்புறையைக் கோட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறிது விலக்கினேன். அதற்குமேல் உரித்தால் எலும்புக்கு வரும் இரத்த ஓட்டம் போய்விடும். "அடுத்து?" கூர்முனைக் கிளாம்பால் பிடித்து, பாதத்தை மெல்ல இழுத்துத் திருப்பினேன். துண்டின் பல் எதிர்ப்பள்ளத்தில் சொருகி உட்கார்ந்ததைக் கையிலேயே உணர்ந்தேன். பிறகு லேக் ஸ்க்ரூ, அதைக் காக்க ஒரு மெல்லிய பிளேட். "அடுத்து?" என்பதைத் தவிர அவர் அதிகம் பேசவில்லை. பதில் சரியாக இருந்தால் கருவி கைக்கு வரும். தயங்கினால் அந்தக் கட்டத்தை மட்டும் அவர் செய்துகாட்டிவிட்டு மறுபடி என்னிடமே கொடுப்பார். சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. தியேட்டர் நேரத்தைக் காரணம் காட்டிச் சுலபமான கட்டத்தைக்கூட ஜூனியருக்குக் கொடுக்காத சீனியர்கள் உண்டு. எனக்கு அது கோபம் தரும் விஷயம். ஒரு கேஸ் முழுதாகத் தரமுடியாவிட்டாலும், அன்று ஒரு கட்டத்தையாவது முன்கூட்டியே பேசி ஒதுக்கலாம். இன்று இடுப்பு ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் கம்பியான கைடு வயரை மட்டும் ஜூனியர் போடட்டும் என்று முடிவு செய்தால் போதும். அதிலேயே கற்க நிறைய இருக்கிறது. தொடை எலும்பின் தலைக்குள் ஸ்க்ரூவின் முனை, தலையின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை முன்பக்க, பக்கவாட்டுப் படங்கள் இரண்டிலும் அளந்து கூட்டவேண்டும். இந்தக் கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஸ்க்ரூ அந்த எலும்புத் தலையை அறுத்துக்கொண்டு வெளியே வரும் ஆபத்து குறைவு என்று ஆய்வாளர் பௌம்கார்ட்னர் குழுவினர் 1995இல் எழுதினார்கள். அந்தக் கம்பியைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தால் மீதி வேலை பெரும்பாலும் வரிசைப்படி போய்விடும்.

சி-ஆர்மைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஓரடி பின்வாங்கப் பழகுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சிதறிவரும் கதிர்வீச்சு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே கிளம்பும் குழாய்ப் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். தைராய்டுக் கவசத்தையும் மறக்காதீர்கள்.

காத்திருக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்கு ரொம்பக் கடினமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் கீழ்முனை, கணுக்கால் மூட்டுவரை நொறுங்கி, கால் பலூன்போல வீங்கி வரும். எலும்பைப் பார்த்தால் உடனே திறந்து அடுக்கிவிடத் தோன்றும். ஆனால் வெளியே உலோகச் சட்டம் மாட்டிக் காலை நீட்டி நிறுத்திவிட்டு, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை, பல நேரம் ஒன்று இரண்டு வாரம்கூட, பொறுத்திருக்கவேண்டும். வீங்கிய தோலில் கத்தி வைத்தால் காயம் ஆறாது, பிளேட் வெளியே தெரியும், சீழ் பிடிக்கும். தினமும் காலையில் கட்டைப் பிரித்துத் தோலைப் பார்ப்பதும் அறுவைச் சிகிச்சையின் ஒரு பகுதி என்று எனக்குப் புரியவைத்தவை அந்தக் கேஸ்கள்தான்.

நாம் பங்கெடுத்த கேஸ்களைப் பதியும் லாக்புக்கில் எத்தனை கேஸ் என்ற எண்ணிக்கையைத்தான் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். எண்ணிக்கையோடு, ஒவ்வொரு கேஸிலும் எந்தக் கட்டத்தை நாமே செய்தோம், சீனியர் எப்போது கை வைக்கவேண்டி வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். வரைந்த பிளானையும் முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆறாவது வாரம் அந்த நோயாளி வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, வேறு ட்யூட்டி இருந்தாலும் எப்படியாவது போய் அந்தப் படத்தைப் பாருங்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கையால் மடக்கிப் பார்த்து, அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இப்போது என்னிடம் வரும் ஜூனியர்களிடம் அடுத்த கேஸைக் கொடுக்கும் முன் நான் கேட்டு வாங்கிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.