அரையாண்டுத் தேர்வும் நாகூர் கந்தூரியும்

நம்ம பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு எழுது என்றதும் முதலில் வாத்தியார்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள், ஆனால் அவர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதுவீர்கள், அதனால் நான் நாகூர் தர்காவில் வருடா வருடம் நடக்கும் கந்தூரி விழாவை எடுத்துக்கொள்கிறேன்.

1991-ல் நாம் பத்தாவது. அந்த வருடம் கந்தூரி டிசம்பரில் வந்து, மழையும் அரையாண்டுத் தேர்வும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. பிறைக் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும்; 33 வருடத்தில் ஒரு சுற்று முடிந்து 2024-ல் 468-வது கந்தூரி மறுபடியும் டிசம்பரிலேயே நடந்தது. கொடியேற்றம், அப்புறம் பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு (சந்தனக் குடம் வைத்த அலங்கார ரதம்) புறப்பட்டு விடியப்போகும் நேரத்தில் நாகூர் வந்து, அங்கே அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் ரவ்லாவில், அதாவது அடக்கத்தலத்தில், சந்தனம் பூசுவார்கள். கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு கதை.

மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் மத நல்லிணக்கம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குத் தெரிந்து நல்லிணக்கத்துக்காக யாரும் பஸ் ஏறி வந்ததில்லை. பிள்ளைக்கு முடி இறக்க வந்தார்கள் (என் முதல் முடியும் அங்கேதான் இறங்கியது), காய்ச்சல் குணமானதற்கு வந்தார்கள், கடலுக்குப் போன ஆள் திரும்பியதற்கு வந்தார்கள். காணிக்கையாகப் போடுவதற்குக் கண், கால், வீடு, கப்பல் என்று தகட்டில் அடித்து விற்பார்களே, யாருக்கு என்ன கவலை என்பது கையிலிருக்கும் தகட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் தர்காவின் 131 அடி பெரிய மினாராவைக் (கோபுரத்தை) கட்டியதும் பிள்ளை வரம் கேட்டுத்தான் என்பார்கள். ராஜாவுக்கும் மீன்காரம்மாவுக்கும் ஒரே மாதிரி நேர்ச்சை. அப்படி அவரவர் கவலையோடு வந்து, தெருவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத பெண்கள்கூட ராத்திரி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் குழந்தையை இன்னொருவர் மடியில் தூங்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் இது பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. நம்ம பெஞ்சிலேயே ஒருவன் கபுரில் (அடக்கத்தலத்தில்) போய்க் கேட்பது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைப்பது என்று உறுதியாக வரமாட்டான். அவன் பக்கத்தில் இருந்தவன், நாங்கள் அவரிடமா கேட்கிறோம், அவர் பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்கிறோம் என்பான். கெமிஸ்ட்ரி பீரியட் முழுக்க நடந்த அந்தச் சண்டையில்தான் மார்க்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி கிடைத்தது. இருவரும் இன்றுவரை நண்பர்கள், சண்டையும் முடியவில்லை.

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தபோது தெலோக் ஆயர் தெருவில் இன்னொரு நாகூர் தர்காவைப் பார்த்து அசந்துபோனேன். 1828-லிருந்து 1830-க்குள் கட்டியது. இங்கே யாருடைய அடக்கத்தலமும் கிடையாது, ஆண்டகையின் நினைவுக்காக மட்டும் கட்டியது. இப்போது உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை மையம் இருக்கிறது. இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் அந்தத் தெரு அன்று கடற்கரை. நம்ம பக்கத்திலிருந்து பாய்க்கப்பலில் வந்து உயிரோடு இறங்கியவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, சீனர்கள் தங்கள் கடல் தாய்க்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் போன் செய்யுங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் காட்டிவிடுகிறேன்.