பாதிக் கதையில் கை மாறினால்

ஒரு கொமிக்ஸ் பிந்தி வருகிறதா, வரட்டும். அடுத்த மாதம் வரவேண்டியது அடுத்த வருடம் வந்தாலும் சரி, நான் காத்திருப்பேன். ஆனால் பாதிக் கதையில் ஓவியரை மாற்றிவிட்டு, சொன்ன திகதிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று கையில் தந்தால் அந்தப் புத்தகத்தில் எனக்கு மனம் ஒட்டாது. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் ஒரு சிலர் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி கொமிக்ஸ் பற்றிக் கதைப்போம். போன முறை இதே விஷயத்தில் சத்தம் கூடிவிட்டது. அங்கே முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வத்தளையில் இருந்து வரும் தம்பி ஒருவர் ஓர் அமெரிக்க மாத இதழை விடாமல் படிக்கிறார். மூன்றாவது இதழோடு அதன் ஓவியர் மாறிவிட்டார். தம்பிக்கு வந்த கோபத்தில், புதிதாக வந்த ஓவியருக்கே நேரடியாகத் திட்டி எழுதியிருக்கிறார். எழுதியதை ஃபோனில் எங்களுக்கும் காட்டினார். “பாருங்கோ அக்கா, இந்த மனுசனுக்கு ஒரு கை கீறத் தெரியாது.” கொட்டாஞ்சேனை அண்ணை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். “ஆர் கீறினால் என்ன? கதை ஒழுங்கா வந்தால் போதும். பாதியில விட்டிட்டுப் போறவங்களைத்தான் மன்னிக்க ஏலாது” என்றார். எனக்கு இரண்டு பேரோடும் உடன்பாடில்லை.

அண்ணையின் பக்கம் எனக்கு விளங்குகிறது. அவர் சிறுவனாக இருந்த 1970களில் இந்தியச் சஞ்சிகைகள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து கொமிக்ஸ், யாரோ ஒருவரின் பயணப் பெட்டிக்குள் ஒளிந்து வந்து, பல கை மாறி, அட்டை போய்த்தான் அவரிடம் கிடைக்கும். அதன் நாயகன் இரும்புக்கை மாயாவியின் ஒரு கதையில் கடைசிப் பக்கங்கள் இல்லாமலே வருடக்கணக்கில் இருந்தாராம். முடிவு தெரியாமல் கிடந்த மனிதருக்கு, முடிவு கிடைப்பதுதான் முதல் கவலையாக இருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கள் வயதுக்காரருக்கும் காத்திருப்பு புதிதல்ல. 2020 இல் விமானங்கள் நின்றபோது இந்தியாவிலிருந்து வரவேண்டிய பொதிகளும் நின்றன. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் பரீட்சையே தள்ளிப்போனது. நான் பாடசாலைப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் கீறிச் சம்பாதிப்பவள். அந்த மாதங்களில் கீறிய படங்கள் அச்சுக்குப் போகாமல் மேசையிலேயே கிடந்தன. கப்பல், தாள், டொலர், தபால் என்று ஏதோ ஒன்றால் புத்தகம் பிந்துவது இந்த ஊரில் வழக்கமான விஷயம். அதனால்தான் ஓவியர் வரைந்து முடிக்காததால் பிந்தும் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. அந்த ஒரு தாமதத்தில்தான் வாசகருக்குத் திரும்ப ஏதோ கிடைக்கிறது.

ஆனால் “ஆர் கீறினால் என்ன” என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

மாடஸ்டி என்ற சாகச நாயகியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வரும் லயன் கொமிக்ஸின் முதல் புத்தகமே 1984 இல் வந்த ‘கத்தி முனையில் மாடஸ்டி’தான். மூலத்தில் அவள் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் 1963 இல் தினம் ஒரு துண்டாக வரத் தொடங்கியவள். பீட்டர் ஓ'டொனல் எழுதினார், ஜிம் ஹோல்ட்வே வரைந்தார். 1970 இல் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோல்ட்வே இறந்துபோனார். தினப் பத்திரிகைக்கு மறுநாள் படம் வேண்டுமே. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ரொமேரோ அதே கதையை இடையிலிருந்து ஏற்றுக்கொண்டார். 1978 இல் அவர் விலகினார். ஜோன் பேர்ன்ஸ், பற்றிக் ரைட், நெவில் கொல்வின் என்று கைகள் மாறின. 1986 இல் ரொமேரோவே திரும்பி வந்து, 2001 இல் தொடர் முடியும்வரை வரைந்தார். எழுதியவர் மட்டும் ஆரம்பம் முதல் கடைசிவரை ஓ'டொனல் ஒருவரே.

தமிழில் இந்தக் கதைகள் மூலத்தின் ஒழுங்கில் வரவில்லை. என் அண்ணா சேர்த்துவைத்திருந்த புத்தகங்களில் ஒரு மாதம் மாடஸ்டிக்குக் கன்னம் ஒடுங்கியிருக்கும், முகத்தில் பாதி நிழல், மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும். இன்னொரு மாதம் தலைமுடி மினுங்கும், கோடு வழுக்கிக்கொண்டு போகும். ஓவியர் பெயர் எங்கேயும் போட்டிருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நானும் அண்ணாவும் எங்களுக்குள் ‘ஒல்லி மாடஸ்டி’, ‘வடிவு மாடஸ்டி’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது, இந்த முறை எவள் என்றுதான். அண்ணாவுக்கு வடிவு. எனக்கு ஒல்லி. ஹோல்ட்வே, ரொமேரோ என்ற பெயர்கள் தெரிய வருவதற்குப் பல வருடம் முன்பே எங்கள் கண்ணுக்கு அந்த இரண்டு மனிதரும் தெரிந்திருந்தார்கள். யார் வரைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். ஓவியரின் பெயரே தெரியாத இரண்டு பிள்ளைகள் வெறும் கோட்டைப் பார்த்து ஆளைப் பிரித்துக்கொண்டோம்.

பின்னாளில் அந்தக் கை மாறிய கதையை ஆங்கிலத் தொகுப்பு ஒன்றில் தேடிப் பார்த்தேன். எனக்குப் படுவது, ஆரம்பத் துண்டுகளில் ரொமேரோ தன் கையை அடக்கிக்கொண்டு ஹோல்ட்வேயின் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கப் பார்க்கிறார். இறந்துபோன ஒருவருடைய படத்தை இடையிலிருந்து தொடர்வது எவ்வளவு பயமான வேலை! ஒல்லி மாடஸ்டியை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதற்காக ரொமேரோவை ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வராது.

டெக்ஸ் வில்லர் என்ற கௌபோய் நாயகனின் வாசகர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 1948 இல் இத்தாலியில் போனெல்லி எழுத, கலெப்பினி வரையத் தொடங்கிய டெக்ஸை இன்றுவரை எத்தனையோ பேர் வரைந்துவிட்டார்கள். மாதம் நூற்றுப் பத்துப் பக்கம் அளவில் வரும் புத்தகத்தை ஒரு மனிதர் தனியே வரைந்து முடிக்க முடியாது. அதனால் அங்கே கதையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இந்தக் கதை ஓவியர் டிச்சிக்கு, அந்தக் கதை ஓவியர் சிவிதெல்லிக்கு. ஒருவர் தன் கதையை மாதக்கணக்கில் எடுத்து முடிக்க, அதற்குள் மற்றவர்கள் முடித்தவை வந்துகொண்டிருக்கும். புத்தகம் பிந்துவதில்லை, ஓவியரும் மூச்சுவிடுகிறார். வாசகருக்கும் பழகிவிடுகிறது. “இது ஆற்றை டெக்ஸ்?” என்று ஆசையாகத்தான் பார்க்கிறோம்.

டெக்ஸில் எனக்கு மிகப் பிடித்தது மாத இதழ்கூட அல்ல. 1988 முதல் பெரிய அளவில் வரும் சிறப்புப் புத்தகங்கள் இருக்கின்றன, வெளியிலிருந்து ஓர் ஓவியரை அழைத்து வரையச் சொல்வார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் மக்னுஸ் என்ற பெயரில் வரைந்த இத்தாலியர். அவர் அந்த ஒரு கதைக்கு ஏறத்தாழ ஏழு வருடம் எடுத்தார். பலேர்மோவில் இருக்கும் என் மச்சாள் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து தந்தாள். எனக்கு இத்தாலியன் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும், ஆனால் கொமிக்ஸில் ஈடுபாடில்லை. பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தந்தாள். ஒரு மரத்தின் இலைகளை அந்த மனிதர் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். கல்லுக்குக் கல் வேறாக இருக்கிறது. அவசரத்தில் கறுப்பை அப்பிவிட்டு நகர்ந்த இடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மக்னுஸ் 1996 இல், அந்த வேலை முடிந்த கையோடு இறந்துபோனார். புத்தகமும் அதே வருடம் வந்தது. மூன்றாவது வருடத்தில் யாராவது பொறுமை இழந்து, மிச்சத்தை வேறொருவரிடம் கொடுத்திருந்தால்? நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அமெரிக்காவில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 2006 இல் மார்வெல் பதிப்பகத்தின் சிவில் வோர் தொடர் பாதியில் பிந்தியது. வேறு ஓவியரைப் போட்டு ஒப்பேற்றாமல் அதன் ஓவியர் ஸ்டீவ் மக்னிவன் முடிக்கும்வரை பொறுத்தார்கள். அதோடு தொடர்புடைய மற்ற இதழ்களையும் தள்ளிவைத்தார்கள். அப்போது வாசகர்கள் கொதித்தார்கள். 2008 இல் டீசி பதிப்பகம் வெளியிட்ட ஃபைனல் கிரைசிஸ் தொடரை ஜே. ஜி. ஜோன்ஸ் வரையத் தொடங்கினார். இடையில் கார்லோஸ் பச்சேக்கோ உதவிக்கு வந்தார், கடைசி இதழை டக் மான்கி வரைந்தார். பச்சேக்கோவும் மான்கியும் மிகத் திறமையானவர்கள். ஆனாலும் இன்று இரண்டையும் தொகுப்பாக எடுத்து வாசிக்கும்போது முதலாவதில் அந்தத் தாமதம் எங்கே இருந்தது என்றே தெரிவதில்லை. இரண்டாவதில் கை மாறும் பக்கம் ஒவ்வொரு முறையும் கண்ணில் குத்துகிறது. தாமதம் அந்த வருடத்து வாசகருக்கு மட்டும்தான். மாறிய கை எல்லா வாசகருக்கும்.

சாகா என்ற அமெரிக்கத் தொடர் 2018 ஜூலையில் நின்றது, 2022 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அத்தனை நாளும் தவித்தோம். திரும்பி வந்தபோது அதே ஓவியர் ஃபியோனா ஸ்டேபிள்ஸ், அதே முகங்கள்.

எங்கள் கூட்டத்தில் மங்கா என்ற ஜப்பானிய கொமிக்ஸ் வாசிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் நன்றாகத் தெரியும். ஹன்டர் ஹன்டர் தொடரை வரையும் தொகாஷி, முதுகு வலியால் இரண்டு வருடம் அளவில் நாற்காலியில் இருக்கவே முடியவில்லை என்றும், படுத்துக்கொண்டு வரைவதாகவும் 2022 இல் எழுதினார். இதை அறிந்த பிறகும் “எப்ப வரும்” என்று அதட்ட ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? பெர்செர்க் தொடரை வரைந்த மியூரா 2021 மே மாதம் தன் 54 ஆவது வயதில் இறந்தார். 1989 இல் தொடங்கிய கதை முடியவில்லை. பள்ளிக்காலத்து நண்பர் மோரிக்கு மியூரா கதையின் முடிவைச் சொல்லி வைத்திருந்தார். 2022 ஜூனில் மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவியாளர்களே தொடர்ந்தார்கள். தனக்கு மியூரா சொன்னதை மட்டும்தான் எழுதுவேன் என்று மோரி முதலிலேயே அறிவித்தார். இப்படி மாறும் கையை நான் வணங்குகிறேன்.

வத்தளைத் தம்பிக்கு நான் அன்று சொல்ல நினைத்தது என் சொந்த வேலையில் நடந்தது ஒன்று. 2017 இல் நாடு முழுக்க டெங்கு பரவியபோது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல் வந்ததாகக் கணக்கு. அதில் நானும் ஒருத்தி. அப்போது ஒரு பதிப்பகத்துக்குத் தரம் மூன்று பயிற்சிப் புத்தகம் கீறிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நரிக் கதை. என் நரிக்கு இடது காதின் நுனி கிழிந்திருக்கும், அது கதையில் இல்லை, நானாகக் கொடுத்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் மிச்சப் பக்கங்களை வேறொருவரிடம் கொடுத்து அச்சடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. புத்தகம் வந்த பிறகு எங்கள் மேல்வீட்டுப் பிள்ளை என்னிடம் வந்து, “அன்ரி, நரிக்குக் காது வளர்ந்திட்டுதா?” என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை பார்த்துவிட்டது.

வரைந்தவர் யார் என்று பிறகு தெரிந்தது. பண்டாரநாயக்க மண்டபத்தில் செப்டெம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் அவராகவே வந்து அறிமுகப்படுத்திக்கொண்டார். அவருக்குக் கொடுத்தது இரண்டு இரவு. என் பக்கங்களை அவருக்குக் காட்டவேயில்லை. “ஒரு நரி, ஒரு காகம், ஒரு மரம்” என்று ஃபோனில் சொல்லியிருக்கிறார்கள். அவர் கீறிய மரம், உண்மையைச் சொன்னால், என் மரத்தைவிட நன்றாக இருந்தது. அந்த மனிதருக்குத் திட்டி எழுதியிருந்தால் அது யாருக்குப் போயிருக்கும்? அவசரப்பட்டவர்களுக்குப் போயிருக்காது. தம்பி எழுதியதும் அப்படித்தான், மூன்று இதழுக்கு மேல் ஓர் ஓவியரால் ஏன் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று யாரும் அந்தப் பதிப்பகத்தைக் கேட்கவில்லை. மாதம் இருபது சொச்சம் பக்கம் என்றால் வேலைநாளுக்கு ஒரு பக்கம். முகம், கை, கட்டடம், நிழல் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

இப்போது நானும் அவரும் சில புத்தகங்களில் சேர்ந்து வேலை செய்கிறோம். யாரிடம் வேலை எடுத்தாலும் இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசிவிடுவோம். கதையைப் பாதியில் பிரிப்பதில்லை, முழுக்கதை அவருக்கு அல்லது முழுக்கதை எனக்கு. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் அந்தக் கதை காத்திருக்கும், மற்றவர் அடுத்ததைத் தொடங்குவார். இரண்டு பெயரும் உள்பக்கத்தில், எந்தக் கதை யாருடையது என்று பக்க எண்ணோடு வரவேண்டும். ஒரு பதிப்பகம் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்த வேலையை விட்டுவிட்டோம். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.