புத்தகத்தை மூடிப்போட்டுக் கீறுங்கோ

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்களைப் புரட்டினால் கிரிக்கெற் அணியின் படமும் விடுதிக் குறும்புகளும் கட்டாயம் இருக்கும். கணித, விஞ்ஞான ஆசிரியர்களைப் பற்றியும் யாராவது உருகி எழுதியிருப்பார்கள். எழுதுபவர் பெரும்பாலும் பொறியியலாளர் அல்லது வைத்தியர் என்பதால் அதில் வியப்பில்லை. சமூகக்கல்விக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை. ‘சமூகக்கல்வியும் வரலாறும்’ என்ற நீட்டுப் பெயரோடு, நேரசூசியில் கடைசிப் பாடங்களுக்குள் அது ஒதுங்கிக் கிடக்கும். பரீட்சைக்கு முதல்நாள் பாடமாக்கினால் போதும் என்பதே பொது அபிப்பிராயம்.

இந்த முறை மலர்க்குழு என்னிடம் கேட்டதும், ஆண்டு 10, 11இல் அந்தப் பாடம் எடுத்த ஆசிரியரை, எங்கள் சேரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். பெயர் போடவில்லை. 1993இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்புக்கு ஆள் யாரென்று தெரியும். பெயர் போட்டால் அவருக்கும் பிடிக்காது.

அந்தக் காலத்தைத் தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம். 1990 யூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாமே அரசின் பொருளாதாரத் தடையின் பிடிக்குள். கோடு போட்ட கொப்பித்தாளில்கூடப் பத்திரிகை அச்சான நாட்கள் அவை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அளந்து எண்ணெய் ஊற்றி, ஒரு மெல்லிய திரியைக் கொளுத்தி அதைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருந்து படிப்போம். சாமம் சாமமாகப் படித்தோம் என்று இப்போது ஒன்றுகூடல்களில் சிலர் அளப்பதை நான் நம்புவதில்லை. எண்ணெய் விட்டிருக்காது.

ஆகவே படிப்புப் பழக்கம் என்று எங்களுக்கு வந்தது, தாளும் வெளிச்சமும் இல்லாததற்கு ஏற்ப வெட்டித் தைத்த பழக்கம். மற்ற வகுப்புகளில் பாடம் என்றால் ஆசிரியர் குறிப்புச் சொல்ல, பிள்ளைகள் எழுதுவதுதான். சேர் ஒரு வரி குறிப்புக்கூடச் சொல்லவில்லை. “கொப்பி என்ன விலை விக்குது? நான் சொல்லுறதை எழுதி அதை நிரப்பப் போறியளே?” என்றார். தாய்மார் சிலர் அதிபரிடம் முறையிட்டதாகவும் கேள்வி. பிள்ளையின் கொப்பி நிரம்பாவிட்டால் பிள்ளை படிக்கவில்லை என்றுதான் எங்கள் ஊரில் எண்ணம். அந்த எண்ணம் இன்னும் போகவில்லை.

அவருடைய முதல் பழக்கம் வெறும்படம். பாடம் தொடங்க முன்னர் புத்தகத்தை மூடிவிட்டு இலங்கைப் படத்தை நினைவிலிருந்து கீற வேண்டும். தாள் கிடையாது, வகுப்புக்கு வெளியே மணலில் தடியால்தான். முதல் நாட்களில் நாங்கள் கீறியது மாங்காயாகவும் இருக்கவில்லை, இலங்கையாகவும் இருக்கவில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சுற்றுக்கோட்டை மறந்துவிட்டுச் சில புள்ளிகளை மட்டும் வை: பருத்தித்துறை, மன்னார், புத்தளம், கொழும்பு, காலி, தெற்கு முனையில் தேவேந்திரமுனை, திரும்பி அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு. புள்ளிகள் சரியாக விழுந்தால் கரை தானாக வரும். பிறகு மலைநாட்டிலிருந்து மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழ வேண்டும். கொழும்புப் பக்கம் ஓடவிட்டவன் அன்றைக்குக் கதாநாயகன்.

வகுப்பில் பாதிப் பேர் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டி அறியாதவர்கள். அப்போது பாதையும் மூடிக் கிடந்தது. காலியையும் அம்பாந்தோட்டையையும் நாங்கள் மணலில்தான் கண்டோம். ஆனாலும் நுவரெலியாவில் ஏன் குளிர், அனுராதபுரத்தில் ஏன் இத்தனை குளம் என்று கேட்டால் புத்தக வசனம் நினைவுக்கு வராது, மணற்படம்தான் வரும்.

படத்துக்கு அடுத்தது கேள்வி. ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் “ஏன் அங்கை?” என்று திருப்பிக் கேட்பார். மிக நன்றாக நினைவில் நிற்பது துறைமுகப் பாடம். திருகோணமலையில் அவ்வளவு நல்ல இயற்கைத் துறைமுகம் இருக்க, பெரிய துறைமுகம் ஏன் கொழும்பில் வந்தது? நாங்கள் “தலைநகரம் சேர்” என்றோம். தலைநகரம் என்றபடியால் துறைமுகமா, துறைமுகம் என்றபடியால் தலைநகரமா என்று மடக்கிவிட்டு, எங்களையே தேட விட்டார். மலைநாட்டில் கோப்பி, 1869இல் கண்ட இலைநோயால் அது அழியப் பிறகு தேயிலை. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம். பிறகு கொழும்பில் அலைதாங்கி கட்டியது என்று ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. 1867 என்ற ஆண்டை நான் பாடமாக்கவே இல்லை. அது தன்பாட்டில் ஒட்டிக்கொண்டது. பின்னால் அது எனக்கு எங்கே உதவியது என்பதைச் சொல்கிறேன்.

வீட்டுவேலையும் இதே மாதிரித்தான். யாழ்ப்பாணத்தில் ஏன் ஆறில்லை என்ற பாடத்துக்கு, அவரவர் வீட்டுக் கிணற்றின் தண்ணீர் மட்டத்தைச் சனிக்கிழமைகளில் கயிற்றால் அளந்து வரச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டம் மளமளவென்று ஏறுவதையும், மாரி முடியத் தோட்டங்களுக்கு இறைக்கத் தொடங்க இறங்குவதையும் நாங்களே கண்டோம். சுண்ணாம்புக்கல், நிலத்தடி நீர் என்ற சொற்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அரசியல் திட்ட வரலாறு எல்லாருக்கும் வேப்பங்காய். கோல்புறூக், குறூ மக்கலம், மனிங், டொனமூர், சோல்பரி என்று சீர்திருத்தங்களின் பெயர்கள். 1833, 1910, 1920, 1924, 1931, 1947, 1972, 1978 என்று ஆண்டுகள். ரியூசனில் இதற்கு ஒரு பாட்டே இருந்தது. சேர் பாட்டை விட்டுவிட்டுத் தாளை மூன்றாக மடிக்கச் சொன்னார். முதல் மடிப்பில் மக்கள் கேட்டது, இரண்டாவதில் கிடைத்தது, மூன்றாவதில் விடுபட்டது. முதல் இரண்டையும் புத்தகத்தைப் பார்த்து நிரப்பலாம். மூன்றாவதைப் புத்தகத்தை மூடிவிட்டு, யோசித்துத்தான் எழுத வேண்டும். அவர் அதற்கு விடை சொல்லவே மாட்டார். 1833இல் சட்டநிரூபண சபை வந்தது, ஆனால் அரச உத்தியோகத்தர் அல்லாத, உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்களும் நியமனம்தான் என்று ஒருவன் எழுதினான். 1947 வரிசையின் மூன்றாவது மடிப்பில், மலையகத்தை வேராகக் கொண்ட எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன், மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தான். சேர் அதை வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவனையே முன்னுக்கு வந்து விளங்கப்படுத்தச் சொன்னார். ஒரு வரிசையில் விடுபட்டதுதான் அடுத்த வரிசையில் கேட்டதாக வரும் என்பதை அன்றைக்குத்தான் பிடித்தேன். அதற்குப் பிறகு ஆண்டுகளின் ஒழுங்கு எனக்குப் பிசகியதில்லை.

1931க்கு அவர் தந்த வேலை இன்னும் வித்தியாசம். ஊரிலேயே வயதானவரிடம் போய் முதல் வோட்டுப் போட்டது எப்போது என்று கேட்டு வரவேண்டும். எங்கள் ஒழுங்கையில் எண்பதைத் தாண்டிய ஓர் அப்பு இருந்தார். “முதல்முறை எங்கடை பக்கம் வோட்டே நடக்கேல்லை மேனை. அந்தக்காலத்துப் பெடியள் வேண்டாமெண்டவை, ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையோடு நடந்த தேர்தலில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை என்ற சங்கதியை, அப்புவின் வாயால் கேட்டபிறகுதான் புத்தகத்தில் தேடி வாசித்தோம்.

வகுப்பறை உலகப்படம் பழையது. அதில் சோவியத் யூனியன் ஒரே நிறத்தில் பரந்து கிடந்தது. அது 1991 டிசெம்பரில் இல்லாமற்போனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்களுக்குக் கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்ற பெயர்கள் காதில் விழுந்தன. சேர் அந்தப் பழைய படத்தையே கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னார். புது எல்லைகள் எல்லாம் மெல்லிய உட்கோடுகளாக அதில் முன்னமே இருந்தன. பென்சிலால் அவற்றைத் தடிப்பாக்கினோம். 15 நாடுகள். 1993இல் செக்கும் சிலோவாக்கியாவும், அதே ஆண்டு எரித்திரியாவும் சேர்ந்தன. செய்தியில் ஒரு பெயர் வந்தால் அது படத்தில் எங்கே என்று பார்க்காமல் விடுவதில்லை என்ற குணம் அப்போது பிடித்தது. என் மனைவிக்கு அதில் இன்றைக்கும் எரிச்சல்.

பரீட்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசித் தவணையில் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்தோம். பலருக்கு டி, அதாவது அப்போதைய அதியுயர் சித்தி, வந்தது.

1997இல் கனடா வந்து, சில ஆண்டுகளுக்குப் பிறகு குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கவேண்டி வந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரே அடுக்குமாடியில் இருந்த எங்கள் வகுப்புக்காரர் இரண்டு பேரும் நானும், கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் கனடாப் படத்தைப் பார்க்காமல் கீறிப் பழகினோம். பத்து மாகாணங்கள், வடக்கே மூன்று பிரதேசங்கள். நுனாவுட் 1999 ஏப்ரலில்தான் தனியாகப் பிரிந்தது, ஆகவே கையில் கிடைத்த பழைய படங்கள் இங்கேயும் பிழை. கூட்டாட்சி எந்த ஆண்டு என்றால் 1867. கண்டிப் புகையிரதம் ஓடிய அதே ஆண்டு! மூன்று பேரும் ஒரேயடியாகச் சிரித்துவிட்டோம்.

என் மகள் ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பு. 1914க்குப் பிந்திய கனடிய வரலாறு அவளுக்குக் கட்டாயம், குடிமையியல் அரைப்பாடம். கணினியில் வாசிக்கிற பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கி வைப்பாள். மஞ்சளாக்கினால் படித்தாயிற்றாம். கொப்பி நிரப்புவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பெண்கள் வாக்குரிமைப் பாடம் வந்தபோது தாளை மூன்றாக மடித்துக் கொடுத்தேன். 1916இல் மனிற்றோபா, 1918இல் கூட்டாட்சித் தேர்தல், 1940இல் கியூபெக் என்று இரண்டாவது மடிப்பை விறுவிறென்று நிரப்பினாள். மூன்றாவதில் நின்றாள். “இதுக்கு விடை எங்கை இருக்கு அப்பா?” என்றாள். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே எழுதி வைத்திருந்தாள்: முதற்குடி மக்கள் தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் வாக்களிக்க 1960 வரை காத்திருந்தார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். இப்போது ஊரில் வரலாறு கட்டாயப் பாடம். புவியியலும் குடியியலும் சாதாரண தரத்தில் விருப்பப் பாடங்கள். ஒரு பிள்ளை மலைநாட்டையோ மகாவலியையோ படத்தில் ஒழுங்காகத் தொடாமலே பரீட்சை எழுதிவிடலாம். பாடசாலைக் கணினிகளுக்கு நாங்கள் பணம் சேர்த்தது நல்ல காரியம், அதைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை அனுப்பும்போது நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படங்களில் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் உரியவற்றையும், சுவரில் தொங்கவிட ஒரு பெரிய உலகப் படத்தையும் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவுக்கு எங்கள் 1993 வகுப்புப் பொறுப்பு.