ஷாம்பூ இல்லாமல் தலை அலச எந்த கண்டிஷனர்?

அலசி முடித்ததும் முடி பட்டுப்போல வழுக்கினால் அதுதான் நல்ல கண்டிஷனர் என்போம். ஆனால் ஷாம்பூவே போடாமல் கண்டிஷனரை மட்டும் வைத்துத் தலை அலசப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த பாட்டில்தான் ஒத்துவராது. முடியின் மேல் ஒட்டி நிற்கும் படலம்தான் அந்த வழவழப்பைத் தருகிறது. அடுத்த முறை ஷாம்பூ போட்டு அதை இறக்கிவிடுவார்கள் என்ற கணக்கில் தயாரானது அது. ஷாம்பூ வராவிட்டால் படலத்தின் மேல் படலம் ஏறும். ஆகவே கோ-வாஷுக்கு, அதாவது இப்படிக் கண்டிஷனரால் மட்டும் தலை அலசுவதற்கு வாங்கும்போது, முடிக்கு என்ன தருகிறது என்பதைவிட, அலசிய பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பாட்டிலின் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள்.

கண்டிஷனர் எப்படி அழுக்கை எடுக்கும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட், செட்ரைமோனியம் குளோரைடு, ஸ்டியராமிடோபுரோபைல் டைமெத்திலமைன் இவற்றில் ஒன்றாவது ஏறக்குறைய எல்லா கண்டிஷனரிலும் இருக்கும். இவற்றின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அதனால் தலையின் எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஷாம்பூவில் உள்ளவை எதிர்மின்னேற்றம் கொண்டவை, முடியும் அப்படியே. அதனால் அவை முடியில் தங்காமல் ஓடிவிடும். கண்டிஷனரில் உள்ளவை நேர்மின்னேற்றம் கொண்டவை, முடியைப் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் வேகமும் குறைவு. மீதி வேலையை விரல்தான் செய்ய வேண்டும்.

பட்டியலில் இரண்டு பெயர்கள் பலரை வீணாகப் பயமுறுத்துகின்றன. மெத்தோசல்ஃபேட் என்பதில் சல்ஃபேட் இருந்தாலும், ஷாம்பூவில் நுரை கிளப்பும் சல்ஃபேட் வேறு, இது வேறு. அதேபோல சீட்டைல் ஆல்கஹால், சீட்டேரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் மூன்றும் மெழுகு மாதிரியான கொழுப்பு ஆல்கஹால்கள். க்ரீமுக்குக் கெட்டித்தன்மை தருபவை அவைதான், முடியை வறட்டுவதில்லை. வறட்டுவது ஆல்கஹால் டெனட், ஐசோபுரோபைல் ஆல்கஹால். இவை முதல் ஐந்தாறு பெயருக்குள் வந்தால் அந்த பாட்டிலை வைத்துவிடலாம்.

பொருட்கள் அளவு அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதப்படும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பொருள் கெடாமல் காக்கும் பீனாக்சியெத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட ஆர்கன் எண்ணெய் அதற்குப் பின்னால் வந்தால், அதை ஒரு காரணமாக வைத்து வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலில் சிலிக்கோன். டைமெத்திகோன், டைமெத்திகோனால், அமோடைமெத்திகோன் மூன்றும் தண்ணீரில் கரையாது. அமோடைமெத்திகோன் முடி சேதமான இடமாகப் பார்த்து ஒட்டும், சீக்கிரம் இறங்காது. சைக்ளோபென்டாசிலாக்ஸேன் மட்டும் ஆவியாகிப் போய்விடும். பெக்-12 டைமெத்திகோன் போல முன்னால் பெக் என்று வந்தால் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும் வகை. சிலிக்கோன் ஒன்றும் விஷமில்லை. ஷாம்பூ போடுகிறவர்களுக்கு அது நல்ல பொருள்தான். இந்த முறைக்குத்தான் ஒத்துவராது. மினரல் ஆயில், பெட்ரோலேட்டம், பாரஃபின் இவற்றுக்கும் இதே கதைதான். பாலிகுவாட்டர்னியம்-10, குவார் ஹைட்ராக்சிபுரோபைல்ட்ரைமோனியம் குளோரைடு போன்றவையும் முடியில் படலமாக ஒட்டுபவைதான், ஆனால் பட்டியலின் கடைசியில் வந்தால் பாதகமில்லை. ஷியா வெண்ணெய் முதல் ஐந்துக்குள் இருந்தால் அடர்ந்த சுருட்டை முடிக்குச் சரி, மெல்லிய முடி படுத்துவிடும்.

‘க்ளென்சிங் கண்டிஷனர்’ என்றே தனியாக விற்கிறார்கள். அதில் கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன், டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு போன்ற மென்மையான நுரைப்பொருள் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். தலையில் எண்ணெய் சீக்கிரம் சுரக்கிறவர்களும், உடற்பயிற்சி செய்து வியர்க்கிறவர்களும் நேராக இதற்கே போகலாம். ஹேர் மாஸ்க், அலசாமல் அப்படியே விடும் லீவ்-இன் இரண்டும் வேண்டாம். முடியில் படிந்து தங்குவதற்காகவே செய்யப்பட்டவை அவை.

வாங்கியதும் உள்ளங்கையில் பட்டாணி அளவு எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். பால்போலக் கரைந்து ஓட வேண்டும். அலசிய பிறகு கொஞ்சம் வழுக்கல் மிஞ்சுவது இயல்பு. ஆனால் கை மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால், தலையிலும் அதே படலம்தான் உட்காரப் போகிறது.

வழக்கமாக கண்டிஷனரை நுனிமுடிக்குத்தான் போடுவோம். இங்கே அது தோலின் மேலேயே ஐந்து நிமிடம் இருக்கப் போகிறது. அதனால் வாசனையும் பதப்படுத்தியும் கூடுதலாக முக்கியம். மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பெயர் இருந்தால் தொடவேண்டாம் என்பேன். ஒவ்வாமை அதிகமானதால் ஐரோப்பாவில் கழுவாமல் விடும் பொருட்களில் அதைத் தடைசெய்து, கழுவிவிடும் பொருட்களில் 0.0015 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். உணர்திறன் அதிகமான தோல் என்றால், முழங்கை மடிப்பில் ஒரு நாணய அளவு தடவி, தலையில் வைக்கும் நேரமே வைத்து அலசி, தினம் இருமுறையாக ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடலாம்.

தொடங்கும் நாளில் சிலிக்கோன் இல்லாத சாதாரண ஷாம்பூவால் ஒருமுறை நன்றாக அலசிப் பழைய படலத்தை இறக்கிவிடுங்கள். இதை விட்டுவிட்டுத் தொடங்கினால் பழியெல்லாம் புது கண்டிஷனர் மேல் விழும்.

இனி அலசும் முறை. வெதுவெதுப்பான தண்ணீரில் முடியை இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். தோள்வரை உள்ள முடிக்கு 30 முதல் 40 மில்லி கண்டிஷனர் வேண்டும். 200 மில்லி ட்யூப் ஐந்தாறு தடவைக்குத்தான் வரும். கஞ்சத்தனம் செய்தால் விரல் வழுக்காது, முடிதான் உராயும். தலையை நான்கு பாகமாகப் பிரித்து, வகிடு வகிடாகத் தோலில் தடவி, நகம் படாமல் விரல்நுனியின் சதையால் மூன்று நான்கு நிமிடம் தேயுங்கள். பிடரியும் காதுக்குப் பின்புறமும்தான் எல்லோரும் விடும் இடம். நடுவில் இரண்டு மூன்று முறை கையளவு தண்ணீர் தெளித்துக்கொண்டால் க்ரீம் இளகிப் பிசுக்கைத் தூக்கும். மிச்சத்தை நுனிவரை இழுத்துவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். பிறகு அலசல். ஷாம்பூவுக்கு எடுக்கும் நேரத்தைப் போல இருமடங்கு எடுங்கள். தலையைக் குனிந்து ஒருமுறை, நிமிர்ந்து ஒருமுறை.

இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கோளாறுகள் தெரியும். உச்சியில் பிசுபிசுப்பும் சொறிந்தால் நகத்தில் வெள்ளையாக மெழுகும் வந்தால், பெரும்பாலும் தேய்த்ததும் அலசியதும் போதவில்லை. கண்டிஷனரை மாற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்து பாருங்கள். முடியில் தண்ணீர் இறங்காமல் வழிந்தோடினால் படலம் கட்டிவிட்டது, ஒரு ஷாம்பூ அலசல் தேவை. எப்படியும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அது வேண்டும். முடி மொடமொடவென்று விறைத்து ஒடிந்தால், பட்டியலில் ஹைட்ரோலைஸ்டு என்று தொடங்கும் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். புரதம் இல்லாததாக மாற்றிப் பார்க்கலாம். நல்ல கண்டிஷனராக இருந்தும் முடி மங்கிச் சொரசொரவென்று ஆனால் உப்புத்தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கண்டிஷனருக்கு அசையாது. டைசோடியம் ஈ.டி.டி.ஏ போன்றவை உள்ள, கனிமப் படிவை நீக்கவென்றே விற்கும் ஷாம்பூ வேண்டும்.

மெல்லிய, நேரான, மறுநாளே எண்ணெய் வழியும் முடி என்றால் இந்த முறையே தேவையில்லை என்பது என் கருத்து. சுருட்டை, தடித்த, சாயமிட்ட, ப்ளீச் செய்த முடிக்குத்தான் இதில் லாபம். பொடுகு இருக்கிறவர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டும். பொடுகோடு சேர்ந்திருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெயைத் தின்று வளர்வது. எண்ணெயை அரைகுறையாக எடுத்தால் அதற்கு வசதி. முதலில் கீட்டோகோனசோல் ஷாம்பூ போன்றவற்றால் பொடுகை அடக்கிவிட்டு வாருங்கள்.

அரிப்பு, சிவப்பு, கொத்தாக முடி கொட்டுவது இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். ‘பழகும்வரை அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் எண்ணெய் வழிவதற்கு வேண்டுமானால் அது பொருந்தும், தோல் எரிவதற்குப் பொருந்தாது. நிறுத்தியும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை சோதனை செய்வது என்று முடிவுசெய்ய அவருக்கு அந்தப் பொடி எழுத்துப் பட்டியல் தேவைப்படும்.