கிராஃப் தியரி படிக்கிற திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

பைதன் நிரல்மொழியும், அதில வரைபுகளைக் (கிராஃப்) கையாளுற நெட்வொர்க்எக்ஸ் நூலகமும் போதும், இரண்டும் இலவசம். முதலில் எங்கட வீதிகளையே வரைபாகப் போடுங்கோ, ஊர் ஒவ்வொன்றும் ஒரு உச்சி, இரண்டு ஊரை இணைக்கிற வீதி ஒரு விளிம்பு: திருகோணமலை–நிலாவெளி–குச்சவெளி ஒரு கிளை. மற்றது திருகோணமலை–கிண்ணியா–மூதூர்–சேருநுவர–கந்தளாய்–தம்பலகாமம் போய்த் திரும்பவும் திருகோணமலை.

இப்ப ‘பிரிட்ஜஸ்’ கட்டளையை ஓடவிடுங்கோ. எந்த விளிம்பை வெட்டினால் வரைபு துண்டாகுமோ அதைத் தரும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் (திருகோணமலை–கிண்ணியா விளிம்பு) அதில வராது! கந்தளாய்ப் பக்கத்தால சுற்றி வர வழி இருக்கு. சேருநுவர–கந்தளாய் விளிம்பை நீக்கிப் பாருங்கோ, உடனே வரும். நிலாவெளி வீதி இரண்டு முறையும் வரும். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிறதைவிட இந்தச் சோதனை எவ்வளவோ மேல்.

விடையை லிஸ்ட்டுக்குள்ள போடாட்டி, விளிம்புகள் தெரியாமல் ஜெனரேட்டர் (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாய்த் தாற பொருள்) என்று மட்டும் அச்சாகும். திசையுள்ள வரைபில (ஒருவழிப் பாதை மாதிரி விளிம்புகள் உள்ளது) இந்தக் கட்டளை எரர் தரும்.

ஆபத்தானது எரரே வராத பிழைதான். குறுகிய பாதை தேடேக்க தூரத்துக்கு வைத்த பெயரில ஓரெழுத்து மாறினாலும், எல்லா வீதியையும் 1 என்று எடுத்து விடை சொல்லிவிடும். ஊர்ப் பெயர் பிழைத்தால் சத்தமில்லாமல் புது உச்சி முளைக்கும். அதனால எதையும் கேட்கமுதல் எண்ணிப் பாருங்கோ: இதில 8 உச்சி, 8 விளிம்பு.