வரிப் படிவத்தை நானே நிரப்பியதில் மிஞ்சியது

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிக் காசு 20 லட்சத்தை ஹட்டனில் ஒரு வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். வட்டி 8 சதவீதம். 2025 ஏப்ரலில் இலங்கையில் வட்டியிலிருந்து வங்கியே கழித்துக்கொள்ளும் பிடித்துவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆக ஏறியது. அதுவரை 12,667 ரூபாயாக வந்த மாத வட்டி 12,000 ஆனது. "பேங்க்காரன் இன்னும் கொஞ்சம் கடிச்சிட்டான்டா" என்று பாஸ்புத்தகத்தை நீட்டினார்.

வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவருக்கு வருமான வரியே கிடையாது. அப்பாவுக்கு இந்த வட்டியை விட்டால் வேறு வரவு இல்லை. ஆனால் வங்கி தானாக அதைப் பார்க்காது, வருமானம் அந்த எல்லைக்குள்தான் என்று நாம்தான் எழுதி, சுயபிரகடனம் கொடுக்க வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அப்பாவுக்கு டின் இலக்கம், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பிள்ளை அப்படியொரு படிவமே இல்லை என்றது. மேனேஜரிடம் கேட்டதும் அதே மேசையின் லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வட்டி முழுசாக வந்தது. முன்பு பிடித்ததை வங்கி திருப்பித் தராது, வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் விபரத்திரட்டைக் கொடுத்துத் திணைக்களத்திடம்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சூட்டோடு என் கணக்கையும் பார்த்தேன். விபரத்திரட்டு நிரப்பித் தர டவுனில் ஒருவர் 7,500 ரூபாய் கேட்டிருந்தார். எனக்கு மாதச் சம்பளம் 165,000. அதில் மாதம் 900 ரூபாய் கம்பனியே வரியாகப் பிடிக்கிறது. மேல்மாடியை வாடகைக்கு விட்டதில் மாதம் 25,000 வருகிறது. என் வைப்புக்கு வருட வட்டி 60,000. வாடகை 3 லட்சத்துக்கும் வரி என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். உண்மையில் வாடகையில் கால்வாசியைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம், ரசீது கேட்பதில்லை. 225,000க்குத்தான் வரி. அதிலேயே 4,500 மிச்சம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வட்டி விஷயம். 18 லட்சத்துக்கு மேலே வரும் முதல் 10 லட்சத்துக்கு வரி 6 சதவீதம்தான். வங்கியோ 10 பிடித்துவிட்டது. 60,000க்கு 3,600 போதும், போனது 6,000. கூடப் போன 2,400ஐ வாடகை வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வங்கியின் வரிச் சான்றிதழ் கையில் வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் ரீ-10 சான்றிதழையும் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தருபவர்கள் குறைவு.

கடைசியில் வரி 27,900. பிடிபட்ட 10,800உம் 6,000உம் போக 11,100 கட்ட வேண்டியிருந்தது. விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. ஆனால் வரியைத் தவணையாக ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே 15ஆம் திகதிகளுக்குள் கட்டிவிட வேண்டும், பிந்தினால் வட்டி ஏறும். நிரப்பும்போது திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள்.

அப்பாவின் பிரகடனத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இந்த ஏப்ரலில் அவரே என்னைக் கூப்பிடாமல் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.