பசும்புல்லும் தவிடும்: கொழிஞ்சாம்பாறையில் ஒரு மட்டக்குதிரையுடன் ஓராண்டு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே உள்ள எங்கள் தோப்புக்கு அந்தப் பெட்டைக்குதிரையை அழைத்து வந்தது சென்ற பங்குனியில். எடைமேடை இல்லாததால் நாடாவைக் கொண்டுதான் அளந்தேன். முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவு 140 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் 135. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். ஏறத்தாழ 223 கிலோ வந்தது. தீவனக் கணக்கு எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்தே போட்டேன்.

கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும் காலம் அது. குதிரையின் வியர்வையில் நீரோடு உப்பும் மிகுதியாக வெளியேறும். உப்புக் குறைந்தால் தாகமும் மந்தமாகி, குடலில் இலத்தி இறுகி வயிற்றுவலி வந்துவிடும். வாந்தி எடுக்க இயலாத விலங்கு என்பதால் அதன் வயிற்றுவலி எப்போதும் அஞ்சத் தக்கது. ஆகையால் வேகவைத்த கொள்ளில் நாளொன்றுக்கு 25 கிராம் கல்லுப்பை இரு வேளையாகக் கலந்து கொடுத்தேன். காலை ஏழு மணிக்குப் பிறகு சவாரி செய்யவில்லை. கோடை குறையின்றிக் கழிந்தது.

தவறு பசுமையோடு வந்தது. வைகாசிக் கடைசியில் கோ-4 கம்பு நேப்பியர் ஆளுயரம் தழைத்து நின்றதைக் கண்டு, சோளத்தட்டை அறவே நிறுத்திவிட்டு அந்தப் புல்லையே முழுத் தீவனமாக்கினேன். உடல் தேறட்டும் என்று தினமும் 2 கிலோ கோதுமைத் தவிடும் சேர்த்தேன். ரோமம் மினுமினுத்தது, வயிறு நிறைந்தது, எனக்கும் மனம் நிறைந்தது. ஆவணி பிறந்தபோது நடை மாறியது. ஒரு நாள் முன்னங்கால் ஒன்றைத் தாங்கி நடந்தாள், அடுத்த வாரம் பின்னங்காலை. லாடத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஆணி ஏறவில்லை, குளம்பில் சூடுமில்லை. மெல்லுவதும் மெதுவாகியிருந்தது.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் காலைப் பார்க்கும் முன்பே தீவனத் தொட்டியைப் பார்த்தார். நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட், கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. தவிடு அதற்கு மேல் ஒரு சுமை: 2 கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல் இருக்க, கால்சியம் 3 கிராம்கூட இராது, குதிரைக்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக வேண்டும். பற்றாக்குறையை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டுகிறது. முற்றினால் முகத்து எலும்பு நாராகி வீங்கிவிடும் என்றார். அன்றிரவு லாந்தர் வெளிச்சத்தில் அவளுடைய தாடையின் இரு பக்கங்களையும் பலமுறை தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

"ஏனுங் தம்பி, எங்க எருமைங்களும் இதே பில்லத் தின்னுதானுங்க பாலு கறக்குது?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார். சரியான கேள்வி. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் நுண்ணுயிர்கள் இருப்பதோ பெருங்குடலில்; கால்சியம் உறிஞ்சப்படும் சிறுகுடலை இரை கடந்த பிறகே அவற்றின் வேலை தொடங்குகிறது. மாடு வளர்த்த அனுபவத்தை அப்படியே குதிரைக்குப் பொருத்தியதுதான் நான் செய்த பிழை.

பத்து நாட்களில் படிப்படியாகத் தவிட்டை நிறுத்தி, நேப்பியரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, காய்ந்த கடலைக்கொடியையும் குதிரைமசாலையும் சேர்த்தேன். பெயரிலேயே குதிரையைத் தாங்கிய இந்தப் பயிரை அதுவரை மாட்டுத் தீவனம் என்றே எண்ணியிருந்தேன். கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தூளையும் மருத்துவர் சொன்னபடி நாளுக்கு 50 கிராம் கலந்தேன். முதல் சில நாட்கள் அதை ஒதுக்கினாள். வெல்லக் கரைசல் தெளித்த பிறகு தின்றாள்.

ஐப்பசி மழையில் எங்கள் கரிசல் மண் குளம்புக்குள் அப்பிக்கொண்டது. அடியில் உள்ள முக்கோண மென்பகுதியின் ஓரங்களில் நாற்றமும் கறுப்புக் கசிவும் தெரிந்ததால், காலையும் மாலையும் கொக்கியால் சுரண்டித் துடைத்து, கொட்டில் தரையைக் கல் பரப்பி உயர்த்தினேன். பூசணம் பிடித்த இரண்டு கட்டுக் கடலைக்கொடியை எரிக்க நேர்ந்தது. அந்தத் தூசி குதிரையின் நுரையீரலுக்கும் ஆகாது, குடலுக்கும் ஆகாது.

மார்கழியில் நடை சீரானது. இப்போது மாசி, சுற்றளவு 143 சென்டிமீட்டர், எடை சுமார் 232 கிலோ. நேப்பியர் பாத்தியில் பாதியை அழித்துக் குதிரைமசால் விதைத்திருக்கிறேன். அங்கே தண்ணீர் தேங்காமலிருக்க இந்த வாரம் வாய்க்கால் வெட்ட வேண்டும்.